வன்னியின் இரு கடல்கள்



கடலில் பிடிப்பதையும் கடல் தரும் உணவையும் நமக்கு ஆகுமாக்கிய இறைவசனத்தை நீங்கள் அறிவீர்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது வசனம் அது. அதில் வரும் ஒரு சொல்லை மட்டும் நாம் வேகமாக ஓதிக் கடந்துவிடுகிறோம். அந்த உணவு ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமன்றி 'ஸய்யாரா'வுக்கும் பயனாகும் என்கிறான் அல்லாஹ். ஸய்யாரா என்றால் வழிப்பயணம் போகிறவர்கள். இன்றைய அறபு மொழியில் மோட்டார் காருக்கும் இதே சொல்தான் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள்.

கடற்கரைப் பயணமும் கடல் உணவும் ஒன்றாக வரும் ஹதீஸ் ஒன்றும் உண்டு. அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடலோரமாகப் புறப்பட்டார்கள். கொண்டுபோன பேரீச்சம்பழம் குறைந்து குறைந்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகியது. அதைக் குழந்தை சூப்புவது போலச் சூப்பித் தண்ணீர் குடித்தார்கள். பின்னர் தடியால் இலைகளை அடித்து விழுத்தி நனைத்துத் தின்றார்கள். அந்த நேரத்தில் கடல் ஒரு பெரிய மீனைக் கரையில் ஒதுக்கியது. தூரத்திலிருந்து பார்க்க மணற்குன்று போல இருந்ததாம். பல நாட்கள் அதைச் சாப்பிட்டு உடம்பு தேறினார்கள். மதீனா திரும்பிச் சொன்னபோது, மிச்சம் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் நுவரெலியாவுக்குப் போகின்றன. வடக்கே போகிறவர்கள் ஏ9 வீதியில் வவுனியாவைத் தாண்டியதும் கண்ணை மூடினால் யாழ்ப்பாணத்தில்தான் திறக்கிறார்கள். இடையில் கிடக்கும் வன்னி அவர்களுக்குக் காடும் வயலும் மட்டும். அந்த வீதிக்குக் கிழக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு கடலும் மேற்கே அதே தூரத்தில் இன்னொரு கடலும் இருக்கின்றன. இரண்டும் குணத்தில் வேறு, மீனில் வேறு. இரண்டின் கரையிலும் நம்மவர்கள் வாழ்ந்த, மறுபடி வந்து வாழ்கின்ற ஊர்கள் உண்டு.

வழியும் பருவமும்

வவுனியாவிலிருந்து ஸுப்ஹுக்குப் பிறகு புறப்படுங்கள். ஓமந்தை, புளியங்குளம் தாண்டி மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு. அங்கிருந்து வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியே பரந்தன். பரந்தனிலிருந்து மேற்கே பூநகரி. பூநகரியிலிருந்து ஏ32 வீதியில் தெற்கே இறங்கினால் முழங்காவில், நாச்சிக்குடா, வெள்ளாங்குளம். வெள்ளாங்குளத்தில் உள்ளே திரும்பித் துணுக்காய், மல்லாவி கடந்தால் மறுபடி மாங்குளம். முழுச் சுற்றும் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று முன்பின் வரும். ஒரே நாளில் ஓடி முடிக்கலாம்; ஆனால் அது வாகனம் ஓட்டுவதாக இருக்குமே தவிரப் பயணமாக இருக்காது. ஓரிரவு கிளிநொச்சியில் தங்குவது நல்லது.

பருவத்தைப் பார்த்துப் போங்கள். மார்கழியில் வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றில் மேற்குக் கரை குழம்பும். பங்குனி, சித்திரையில் இரண்டு கடலும் அடங்கியிருக்கும். வெயில் கடுமைதான், அதற்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் போதும்.

தொழுகை விடயத்தில் பலர் தேவையற்ற கவலைப்படுகிறார்கள். போய்ச் சேரும் இடம் ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு அப்பால் என்றால் ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ர், ஜம்உ இரண்டும் உண்டு. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு அதைவிடத் தூரம். ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதால் பின்நேரம் முழுவதும் உங்களுடையது. வழியில் பள்ளிவாசல்கள் குறைவு, பெண்களுக்கென ஒதுக்கிய இடம் அதிலும் குறைவு. இதை நம் நிர்வாகிகள் காதில் போட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆகவே தொழுகை விரிப்பும் வுழூவுக்கு ஒரு கான் தண்ணீரும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில், எவ்வளவு அழகான பற்றையாக இருந்தாலும், பிள்ளைகளை வீதியை விட்டு இறங்க விடாதீர்கள்.

கிழக்குக் கரை

முல்லைத்தீவைத் தொடுமுன் முள்ளியவளைப் பக்கத்தில் சற்று நின்று போங்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்ற பெயர்களை நம் வயதுபோன வாப்பாமார் கண்ணீருடன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வீடு, வயல், வள்ளம் அனைத்தையும் விட்டுப் புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2009க்குப் பின் திரும்பியவர்கள் ஒரு பகுதியினர்தான். இருபது வருடத்தில் காணியைக் காடு மூடியிருந்தது; புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே ஊராகியிருந்தது. உங்கள் வீட்டு மாமியோ மச்சியோ இந்த ஊர்களைச் சேர்ந்தவராயின் அவரை இந்தப் பயணத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கிணற்றடியில் எந்த மாமரம் நின்றது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராது.

முல்லைத்தீவுக் கடற்கரை நீண்டது, அகலமானது. காலையில் போனால் கரைவலை இழுப்பதைக் காணலாம். அரை வட்டமாகக் கடலில் போட்ட வலையின் இரண்டு நுனியையும் கரையிலிருந்து இழுத்துக்கொண்டே நெருங்குவார்கள். கடைசியில் மடி கரைக்கு வரும்போது நெத்தலியும் சூடையும் கீரியும் வெள்ளிக்காசு கொட்டினாற்போல் துள்ளும். பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். பொலித்தீன் பையில் வரும் மீனை மட்டும் கண்ட பிள்ளைக்கு ஒரு பிடி நெத்தலிக்குப் பின்னால் எத்தனை பேரின் தோள் இருக்கிறதென்று தெரியாது.

இந்தக் கரையை 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வாரிக்கொண்டு போனது. முல்லைத்தீவு நகரம் அன்று பட்டது கொஞ்சமல்ல. கடலோடு வாழ்கிறவர்கள் மறுபடியும் கடலுக்கே போனார்கள், வேறெங்கே போவது?

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்து துருத்தி நிற்க வேண்டும், விரலால் அமத்தினால் குழி மேலெழ வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; கூட வருகிற ஆண்களுக்காகச் சொன்னேன். நந்திக்கடல் றால் கிடைத்தால் விடாதீர்கள். களப்பு றாலுக்கு ஓர் இனிப்புண்டு. மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி, தேங்காய்ப்பால்கூட இல்லாமல், அதன் தண்ணீரிலேயே வேக விட்டால் போதும்.

யார் வேக விடுவது என்பதுதான் கேள்வி! நம் குடும்பப் பயணங்களைக் கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் தூங்கும்போது உம்மா எழும்பிச் சோறு கட்டுகிறார். போன இடத்தில் விரிப்பு விரித்துப் பரிமாறுகிறார். வந்த பிறகு சட்டி கழுவுகிறார். கடலை அவர் எப்போது பார்ப்பது? நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் மனைவியரை அழைத்துப் போனவர்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னை முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். ஓடச் சொல்லவில்லை. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, மீனுக்குத் தூள் தடவிப் பொரிக்க எந்த வாப்பாவுக்கும் தெரியும்; தெரியாவிட்டால் அன்று பழகட்டும். நீங்கள் போய்த் தண்ணீரில் காலை நனையுங்கள்.

நேரமிருந்தால் தெற்கே அளம்பில், செம்மலை வழியாக நாயாறு வரை போய் வரலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இன்னும் கீழே கொக்கிளாய். களப்பின் வாய்க்கு அப்பால் இருப்பது நம்மவர்களின் புல்மோட்டை.

நண்டு ஆகுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேற்குக் கரைக்குப் போக முடியாது. பெண்கள் மத்ரஸாவில் ஷாபிஈ ஃபிக்ஹ் பாடத்தில் 'உணவுகள்' பகுதி வந்தால் முதலில் உயரும் கை இதற்காகத்தான்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் கரையிலும் நீரிலும் வாழ்பவை விலக்கப்பட்டவை என்று வருகிறது. உதாரணமாகத் தவளை, நண்டு, பாம்பு மூன்றும் சொல்லப்படுகின்றன. இதை வைத்துப் பல வீடுகளில் நண்டுச் சட்டி ஏறுவதில்லை. அதே இமாம் அவர்கள் மஜ்மூஉ என்ற விரிந்த நூலில், கடலில் வாழ்வனவற்றில் தவளை தவிர மற்றவை ஆகும் என்பதே சரியான கருத்து என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, விலக்கலுக்குக் காரணம் நண்டு என்ற பெயரல்ல. இரண்டிடத்திலும் வாழும் தன்மை.

இப்போது கடற்கரைக்கு வாருங்கள். பூநகரிப் பக்கம் வலையில் வருவது பெரும்பாலும் நீலக்கால் நண்டு. அதன் கடைசிச் சோடிக் காலைப் பாருங்கள்: துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். அது நீந்தும் நண்டு. கரையில் போட்டால் அதிக நேரம் தாங்காமல் செத்துவிடும். இதை இரண்டிடத்திலும் வாழ்வது என்று எப்படிச் சொல்வது? கண்டல் காட்டுச் சேற்றில் வளை தோண்டும் பெரிய சேற்று நண்டின் கதை வேறு. அதைக் கயிற்றால் கட்டி ஈரச் சாக்கில் வைத்தால் சில நாள் உயிரோடு இருக்கும். ஆயினும் அது கரையில் இரை தேடிக் குடித்தனம் நடத்துவதில்லை. நீரும் ஈரமும் இன்றி அதற்கு வாழ்வில்லை. ஷாபிஈ மத்ஹபையே பெரிதும் பின்பற்றும் இந்தோனேசியாவில் உலமா சபை 2002இல் கடற்பிராணிகளை ஆராய்ந்தவர்களை அழைத்துக் கேட்டு, உடலுக்குத் தீங்கில்லாதவரை இந்த நண்டு ஆகும் என்று தீர்ப்பளித்தது.

என் கருத்தும் இதுதான்: கடல் நண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். மணலில் ஓடும் கரை நண்டை விட்டுவிடுங்கள். மின்ஹாஜைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் மாமியைக் கேலி செய்யாதீர்கள், அவருக்கும் ஆதாரம் இருக்கிறது. அவருக்கு ஒரு பாரை மீன் தனியாகப் பொரித்துக் கொடுங்கள். ஹனஃபி மத்ஹப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அந்த மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே ஆகும். றால் மீன் வகையா இல்லையா என்பதில் அவர்களின் உலமாக்களிடையே இரண்டு கருத்துண்டு.

வயிற்றடியில் முட்டைத் திரளோடு வரும் பெட்டை நண்டை வாங்காதீர்கள். சட்டியில் ஒன்று ஏறினால் கடலில் எத்தனையோ ஆயிரம் குறையும்.

மீனுக்கு அறுப்பு இல்லை

முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புப் போகும் வழியில் நந்திக்கடலைக் குறுக்கறுக்கும் ஒடுங்கிய வட்டுவாகல் பாலம். 2025இல் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியது. 2009 மே மாதத்தில் யுத்தத்தின் இறுதி நாட்களில் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டுக் கிடந்தது இந்தக் கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில்தான். பாலத்தைத் தாண்டியதும் முள்ளிவாய்க்கால். ஆயிரமாயிரம் உயிர்கள் போன இடம். பாலத்தில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அங்கே வலை வீசிக்கொண்டிருப்பவரின் தாயோ பிள்ளையோ இந்த மணலில் கிடக்கக்கூடும்.

அந்த நாட்களில் அங்கு உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் உப்பும் போட்ட தண்ணீர்க் கஞ்சி. ஒவ்வொரு வருடமும் மே 18ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் வடக்குக் கிழக்கில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி வழிப்போக்கருக்குக் கொடுக்கிறார்கள். அந்நாட்களில் போக நேர்ந்து, யாராவது ஒரு அம்மா சிரட்டையில் நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். கஞ்சியின் பெறுமதி தெரிந்த சமூகம் நாம்; முப்பது நோன்பும் கஞ்சியில் திறக்கிறோம். அவர்களுடைய துயரத்தில் நமக்கென்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நம்மை வெளியேற்றியதை அவர்கள் பேசினார்களா என்று கணக்குக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் 1990இல் துப்பாக்கியோடு வந்தவர்கள் வேறு, நம் மாடுகளையும் சாவிக்கொத்தையும் பொறுப்பெடுத்து அழுத அயலவர் வேறு என்று வெளியேறி வந்த முதியவர்களே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

இங்குதான் கடல் உணவின் ஒரு சிறப்பு நினைவுக்கு வருகிறது. ஆட்டுக்கும் கோழிக்கும் அறுப்பு உண்டு, பிஸ்மி உண்டு. ஆகவே தமிழ் அயலவர் ஆசையாகக் கோழிக்கறி வைத்தால் நாம் கூச்சத்தோடு தட்டைத் தள்ளுகிறோம். அவர்கள் முகம் வாடுகிறது. மீனுக்கு அறுப்பு இல்லை. கடலின் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஆகும் என்பது நபிமொழி. மீனை யார் பிடித்தாலும், யார் சமைத்தாலும் நமக்கு ஆகும். இந்துத் தாயின் வீட்டிலும் கத்தோலிக்க மீனவர் வீட்டிலும் தயங்காமல் உட்கார்ந்து உண்ணக்கூடிய விருந்து மீன்சோறு ஒன்றுதான். பிரிந்துபோன இரண்டு சமூகங்கள் மறுபடி ஒரு பாயில் உட்கார அல்லாஹ் கடலில் வைத்த ஏற்பாடு என்று நான் இதை எண்ணுவதுண்டு.

ஒரு விடயம் மட்டும் கேட்க வேண்டும். வன்னி காட்டு நாடு. சில வீடுகளிலும் கடைகளிலும் காட்டுப்பன்றி சமைப்பதுண்டு. சட்டியும் எண்ணெயும் வேறா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. முஸ்லிம்களோடு பழகிய பழைய ஆட்களாயின் நீங்கள் வாய் திறக்குமுன் அவர்களே சொல்லிவிடுவார்கள். கள்ளுத் தவறணையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளில் நண்டும் கணவாயும் ருசியாக இருக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்குள் போகாதீர்கள்.

மேற்குக் கரை

பரந்தன் வந்ததும் ஆனையிறவு வரை ஓர் எட்டுப் போய் வரலாம். வெள்ளை வெளேரென்று உப்பளம். யுத்தத்தில் அழிந்து கிடந்த உப்புத் தொழில் மீண்டெழுந்து, 2025இல் அங்கு புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு பைக்கற் உப்பு வாங்குங்கள், அடுத்த சமையலுக்கு உதவும்.

பரந்தனிலிருந்து பூநகரி நோக்கித் திரும்பினால் காட்சி மாறிவிடும். பனை, வெட்டவெளி, காற்று. நிலம் எங்கு முடிந்து தண்ணீர் எங்கு தொடங்குகிறதென்று தெரியாத தரவை. வலசை வரும் காலமாயின் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலப் பூநாரைகள் நிற்கும். சங்குப்பிட்டிப் பாலம் வரை போங்கள். 288 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்பு பாதைப் படகில்தான் அக்கரை போவார்கள். இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீரில் கூடும் வலையும் நட்டிருப்பதைக் காணலாம். மேற்கே உள்ளே போனால் கௌதாரிமுனை. வெண்மணல் மேடுகள். வீதி கரடுமுரடு, சிறிய கார் படும்பாடு அதிகம். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த மணல் மேடு போதும், வேறு விளையாட்டுச் சாமான் வேண்டாம்.

கிழக்குக் கரையில் மீன் என்றால் இங்கு நண்டு. நண்டைச் சமைக்கும் வடபுல முறை தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: வறுத்தரைத்த தூள், பழப்புளி, தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கை இலை. அந்த முருங்கை இலைதான் விடயம். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோற்றுக்கு அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்கள் பாஸ்மதியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிட நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது கூழ். ஒடியல் என்பது பனங்கிழங்கைக் காய வைத்தது. அதன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்துக் கசப்பை எடுப்பார்கள். பெரிய சட்டியில் மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை அவியும்போது மீன் தலை, நண்டு, றால், கணவாய் எல்லாவற்றையும் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் புளியும் விட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். தடித்து வரும். பனையோலைப் பிளாவிலோ சிரட்டையிலோ சுடச்சுடக் குடிக்க வேண்டும். கூழை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது. குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஒருவர் நண்டு கழுவ, ஒருவர் கிழங்கு வெட்ட, அயல் வீட்டார் எட்டிப் பார்க்க, அவர்களுக்கும் ஒரு சிரட்டை போகும். வெளியேறி வந்த நம் வடபுலத்து உம்மாமார் புத்தளத்திலும் இதைக் காய்ச்சினார்கள். ஒடியல் மா கிடைக்காமல் அரிசி மாவு போட்டுக் காய்ச்சியவர்களும் உண்டு.

நீங்கள் உண்ணும் இந்த நண்டுக்குப் பின்னால் பெண்களின் கை நிறைய இருக்கிறது. வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுபவர்களில் பெண்கள் பலர். தொழிற்சாலைகளில் சதை பிரித்தெடுப்பவர்களில் பெரும்பாலானோரும் பெண்கள். அந்தச் சதை டின்னில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவில் வலைகளை அறுத்துக்கொண்டு போவது இக்கரையின் தீராத வழக்கு. அடிமட்ட இழுவைத் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. அக்கரையிலிருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள்தான் என்பதால் இவர்களுக்குக் கோபத்தைவிட மனவருத்தம் அதிகம்.

முழங்காவில் தாண்டும்போது கடலில் இரணைதீவு. இரட்டைத் தீவு. அங்கு வாழ்ந்த கத்தோலிக்க மீனவர்கள் 1992இல் இடம்பெயர்ந்தார்கள். தீவைக் கடற்படை வைத்திருந்தது. 2017 மே முதலாம் திகதி அவர்கள் கரையில் போராட்டம் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் பெண்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கொட்டகையில் குந்தியிருந்தும் ஒன்றும் நடக்காததால், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் ஏறித் தாங்களே தீவில் போய் இறங்கினார்கள். இடிந்த கோயிலில் பூசை வைத்தார்கள். கடலில் இறங்கி அட்டையும் மட்டியும் பொறுக்கும் அவர்கள் வாழ்க்கை மறுபடி தொடங்கியது.

இந்தத் தீவின் பெயர் நம் வீடுகளில் இன்னொரு விதத்தில் கேட்டது. கொரோனாவில் இறந்த நம் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த அந்தக் கொடுமை 2021 பெப்ரவரியில் நின்றபோது, அடக்குவதற்கு அரசாங்கம் காட்டிய இடம் இரணைதீவு. தீவு மக்கள் எதிர்த்தார்கள். தோண்டிய குழிக்கு எதிரே நின்றார்கள். அன்று நம்மில் சிலர் அவர்களைக் கோபித்தோம். இருபத்தைந்து வருடம் கேட்டுக் கிடைக்காத மண்ணை, கிடைத்து மூன்று வருடத்துக்குள், ஒரு வார்த்தை கேட்காமல் மையவாடியாக்குவது என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்? நமக்குக் கொடுக்கப்பட்டதும் நீதியல்ல, அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதும் நீதியல்ல. இரண்டு காயப்பட்ட சமூகங்களை முகத்துக்கு முகம் நிறுத்தியது வேறொரு கை. ஒரு சில நாட்களில் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டு, மூவாயிரத்துக்கும் அதிகமான ஜனாஸாக்கள் அங்கு அடக்கப்பட்டன. எரித்ததற்கு அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. இரணைமாதா நகரில் வீதியோரம் நண்டு விற்கும் பெண்ணைக் கண்டால் இறங்கி இரண்டு கிலோ வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லாமல் வாங்குங்கள்.

நாச்சிக்குடாவில் பள்ளிவாசல் உண்டு. முஸ்லிம் மீனவக் குடும்பங்களும் கிறிஸ்தவ மீனவக் குடும்பங்களும் ஒரே துறையில் வள்ளம் இழுக்கின்றன. மஃரிபை அங்கு தொழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடலில் சூரியன் மூழ்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே வுழூச் செய்யப் போகலாம். துறையடியில் கருவாடு காயும். பாரை, திருக்கை, கணவாய்க் கருவாடு, காலத்தைப் பொறுத்துக் கிடைக்கும். நான் முதலில் சொன்ன அந்த வசனத்தில் வரும் 'அதன் உணவு' என்ற சொல்லுக்கு, பயணிகள் வழிக்கட்டாக எடுத்துப்போகும் உப்பிட்ட மீன் என்று விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிர்கள் உண்டு. மணலில்லாமல் உதறிப் பார்த்து வாங்குங்கள். தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி வண்டியின் பின்புறம் வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளாங்குளம் திரும்பி மல்லாவி வருமுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்துவிடுவார்கள்.